சிவந்த கண்ணோடு கடலுக்கு

பாசமுள்ள அண்ணே,

உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. கோவிலில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. மரத்துப்போன காலை யாரோ மிதித்தது போல இருக்கிறேன். மிதித்தது தெரிகிறது, வலிக்கவில்லை.

மண்டபம் ஊரில் ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கம் வந்த பைக்கை நீ பார்க்கவில்லை என்றார்கள். ஓட்டியவன்மேல் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. கண் பிரஷர் உன் பக்கப் பார்வையைத் தின்றுவிட்டது, நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. தினமும் சாயங்காலம் சொட்டு மருந்து ஊற்றச் சொல்லியிருந்தார்கள். நீயும் ஊற்றிக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்திருந்தோம்.

பூசைக்கு வந்த உன் படகு டிரைவர் மரியதாஸ் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். "செவந்த கண்ணோட வந்தா கண்வலின்னு நாங்க ஏத்த மாட்டோம்மா. ஒராளுக்கு வந்தா படகு பூராம் தொத்திக்கிரும். அவன் ரெண்டொரு தடவ வந்து திரும்பிப் போனான். அப்புறம் கண்ணு தெளிஞ்சிருச்சு. நல்லாயிருச்சுன்னு நினைச்சோம்."

நல்லாகவில்லை அண்ணே, நீ மருந்தை நிறுத்தியிருக்கிறாய். மருந்தால் வந்த சிவப்பு என்று சொன்னால் நோயையும் சொல்ல வேண்டும். பார்வை குறைகிற ஆளை நம்பி வலையிழுக்க யார் கூப்பிடுவார்கள்? அதுதானே உன் கணக்கு?

கூடப்பிறந்தவர்களும் பரிசோதிக்க வேண்டும் என்று உன் மகள் ஜெனிட்டா என்னை ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் அதே நோய்தான். யாருக்கோ சொல்வதைப் போலக் கேட்டுக்கொண்டேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார் டாக்டர். விடாமல் ஊற்றினால் சிவப்பு போகப் போகக் குறையுமாம். இதை உனக்கு யாராவது சொன்னார்களா?

இப்போது ஜெனிட்டாதான் எனக்கு ஊற்றிவிடுகிறாள். மேலே பார்க்கச் சொல்லி ஒரு சொட்டு விட்டு, மூக்கோரம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். இனி எதைப் பார்க்க இந்தக் கண் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் சொல்வதில்லை.

ஆனால் தனக்குப் பரிசோதனை வேண்டாம் என்கிறாள். "எனக்கு நல்லாத்தான தெரியுது அத்தை" என்கிறாள். நீயும் இதையேதான் சொல்வாய்.

நேற்று மறுபடி கடல்பாசி எடுக்கப் போனேன். தண்ணீரில் முங்கி எழுந்தால் எங்கள் எல்லோர் கண்ணும் சிவக்கும். வள்ளத்தில் ஏறும்போதே சிவந்திருந்தது என்னுடையது மட்டும்தான். என்னை வழியனுப்ப வந்த ஜெனிட்டா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் விலகி உட்கார்ந்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"கண்வலி இல்லத்தா. எங்கண்ணனுக்கு இருந்த கண் பிரஷரு எனக்கும் இருக்கு. மருந்து ஊத்துறேன், அதான் செவப்பு. பக்கவாட்டுல வந்தா எனக்குச் சரியாத் தெரியாது, குரல் குடுங்க" என்றேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அண்ணே. உங்கள் படகு வேறு, எங்கள் வள்ளம் வேறு என்பாய். இருக்கட்டும். ஆனாலும் இத்தனை சுலபமாக இருந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னை அடக்கம் செய்தபோது வராத அழுகை.

கரையிலிருந்து ஜெனிட்டா தண்ணீரில் இறங்கி ஓடி வந்தாள். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கத்தை, நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். எனக்கும் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கும் இருக்கிறது என்றால், அவள் கண் சிவந்தாலும் இந்த ஊரில் ஒருத்தரும் அவளைக் கண்டு விலக விடமாட்டேன். வீடு வீடாகப் போய் நானே சொல்லுவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செலின்