ஸ்டீரிங் ஆயில் மூடிக்கு ஒரு பொட்டு

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். போர்வையை இழுத்துவிடும்போது என் விரலில் ஒரு வாசனை. சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் சந்தனமும் ஸ்டீரிங் ஆயிலும் கலந்து நிற்கின்றன. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதனால் உன் நம்பருக்கே எழுதுகிறேன். நீ போன பிறகும் அந்த போனுக்கு உன் அம்மா சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் கார் தப்பித்துவிட்டது. அதைச் சொல்லத்தான்.

உன் காரியமெல்லாம் முடிந்ததும் அம்மா சாவியை என் கையில் வைத்து, "வாசல்ல சும்மா நிக்கிறதப் பாக்க முடியலத்தா. நீ ஓட்டு. எப்பவாச்சும் அதுலயே வந்து எட்டிப் பாத்துட்டுப் போ" என்றார்கள். வருகிறேன் என்று சொன்னேன். அப்போது நான் மாசமாக இருந்தேன். பிறகு பிள்ளை, தடுப்பூசி, சளி, காய்ச்சல். திருவரங்குளத்துக்குள்ளேயே சுற்றினேனே தவிர, அம்மா இருக்கிற திருமயம் வரைக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஹைவேயில் ஓட்டத் துணிச்சல் வரவில்லை. பஸ் ஹாரன் அடித்தாலே பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு மாதமாக, ஸ்டீரிங்கைத் திருப்பினாலே முனகல். கோயில் பக்கம் வளைவில் மாடு கத்துவது போலக் கேட்டது. வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஸ்டீரிங் பாக்ஸே போயிருக்கும். புள்ளையப் பின்னாடி வச்சுக்கிட்டு இதுல போகாத. ஆயுத பூஜை முடியட்டும், வித்துருவோம்."

என்னால் மறுக்க முடியவில்லை. ஸ்டீரிங் இறுகிப் பிடித்துக்கொள்வதாக நானே எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஆனால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உன் வாசலில் நின்ற வண்டியை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன் என்றா?

நேற்றுப் பூஜை. உன் பழக்கம் நினைவிருக்கிறதா? எல்லோரும் காருக்கு நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால், நீ பானெட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மூடிக்கும் வைப்பாய். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பாய். "தொறந்து பாத்தாத்தான் பொட்டு. பாக்கலேன்னா கெடையாது." போன வருஷம் மனசில்லாமல் விட்டுவிட்டேன். இந்த வருஷம் கடைசி பூஜையாயிற்றே என்று கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போனேன்.

அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஏம்மா, ஒங் காருக்கு எத்தன நெத்தி?"

"எண்ணிக்கிட்டே இருங்க அத்தை" என்றேன். ரேடியேட்டர் மூடி, எஞ்சின் ஆயில் மூடி, வைப்பர் தண்ணீர் மூடி. அப்புறம் ஸ்டீரிங் ஆயில் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே நுரை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. மணியடித்துப் பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். அன்றைக்கும் இதே முனகல், இதே நுரை. போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்ததுமே உனக்குப் பொறுமை போய்விட்டது. ஆயிலை மட்டம் வரை ஊற்றிவிட்டு, "மிச்சத்த நான் பாத்துக்கிறேன். நீ ஸ்டார்ட் பண்ணித் திருப்புடீ" என்றாய். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பினேன். குலுக்கித் திறந்த சோடா மாதிரி நுரை பொங்கி உன் சேலையெல்லாம் ஆயில்.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

"பொங்கலோ பொங்கல்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். "ஒன்னய நம்பி வந்தேம் பாரு" என்று நீ ஸ்கேலை எடுத்துக்கொண்டு துரத்தினாய். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து மிச்ச வீடியோவைப் பார்த்தோம். அந்த மிச்சத்தின் முதல் வரியே, எஞ்சினை ஆஃப் செய்துவிட்டுத் திருப்பவும்.

நேற்று எனக்கு அவசரம் இல்லை. ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். டப்பாவின் அடியில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்து விரலோடு சுற்றியது. கீழே ஆயில் சொட்டாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பம்ப் உறிஞ்சும்போதெல்லாம் அந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. அவ்வளவுதான். பாக்ஸும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை.

"ஏங்க, ஜாக்கி எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"பட்டுச் சேலையில மெக்கானிக்கா?" என்று கேட்டாலும் வந்தார். கிளாம்பை ஸ்குரூடிரைவரால் இறுக்கினேன். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். எஞ்சினைப் போடாமலேயே அவர் மெதுவாகத் திருப்ப, நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடியிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்து உடைந்தன. மட்டம் இறங்க இறங்க ஆயில் ஊற்றினேன். அத்தை இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளை ஒவ்வொரு குமிழுக்கும் "டப்" என்றாள். திருப்பித் திருப்பி வீட்டுக்காரருக்குக் கைதான் வலித்தது. "போதுமா டீச்சர்?" "இன்னுங் கொஞ்சங்க." ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டோம்.

காலையில் திறந்தால் ஆயில் தெளிந்து கிடந்தது. ஸ்டார்ட் செய்து கோயிலைச் சுற்றி வந்தோம். அந்த வளைவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்ச தூரம் போன பிறகு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த மூடிக்குப் பாக்கியிருந்த பொட்டை வைத்தேன். பிள்ளை அதைத் தொட்டுத் தன் நெற்றியிலும் தீற்றிக்கொண்டாள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் தொட்டுப் பார்த்தால் மனசு அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பார்க்காமலேயே பயந்துகொண்டிருப்பேன். அதுதான் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

அம்மா, இதைப் படிக்கப்போவது நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில பிள்ளையக் கூட்டிக்கிட்டு நானே ஓட்டிக்கிட்டு வாரேன், ஒங்க மக வண்டியிலயே. வீட்டுல இருப்பீங்களா? சீக்கிரம் பதில் போடுங்க.