மேனேஜரின் மிச்சமிருக்கும் ஒரு குழாய்

அனுப்புநர்
தையற்கடை அம்மா
(தெருவில் கேட்டால் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்),
அச்சகத்துக்கு எதிர்க்கடை,
குடியிருப்பு: கடையின் பின்னறை.

பெறுநர்
கால்நடைத் துறை இணை இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கால்நடை மருத்துவமனையில் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த என் நாயின் விந்துக் குழாய்கள் இரண்டில் ஒன்று பசுமாட்டுக்குச் செலுத்தப்பட்டது – மற்றதையாவது காப்பாற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருளைப் படித்ததும் தங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எங்கள் தெருவே சிரித்து ஓய்ந்துவிட்டது. தாங்களும் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் தனியாக வசிப்பவள். இரண்டு காதும் படிப்படியாக மந்தமாகி, இப்போது தையல் இயந்திரம் ஓடுவதையே காலால்தான் அறிகிறேன். எதிரில் நின்று பேசினால் வாயசைவில் பிடித்துக்கொள்வேன். மேனேஜர் என்பது என் நாய். கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை ஏற இறங்கப் பார்த்ததால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். உயர்சாதி நாய் அல்ல. யாரும் பழக்கவும் இல்லை. எனக்குக் காது போகப் போக, அதுவாகவே என் துணி நுனியைக் கவ்வி இழுக்கத் தொடங்கியது. கதவைத் தட்டினால் ஓர் இழுப்பு. பால் பொங்கினால் நான் எழுந்திருக்கும் வரை விடாது. தொலைபேசி அடித்தால் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னையே பார்க்கும்.

2. அதற்குச் சிறுநீர் பிரியாமல் உள்ளே வீக்கம் வந்தது. விதையை எடுத்தால்தான் பிழைக்கும் என்றார் அப்போதிருந்த டாக்டரம்மா. நான் கலங்கி நின்றதைப் பார்த்து, அவராகவே ஒரு யோசனையும் சொன்னார். அறுவைக்கு முன் விந்தை எடுத்து, இரண்டு மெல்லிய குழாய்களில் அடைத்து, மாட்டு விந்து வைக்கும் திரவ நைட்ரஜன் குடுவையிலேயே ஓர் ஓரமாகத் தொங்கவிட்டார். நைட்ரஜன் வற்றாமல் பார்த்துக்கொண்டால் எத்தனை வருடமானாலும் கெடாது என்றார். மேனேஜர் அதன்பின் ஒரு வருடம் நன்றாக இருந்து, பிறகு இறந்தது. டாக்டரம்மாவும் மாற்றலாகிப் போய்விட்டார்.

3. இஸ்திரிக்காரரின் பெட்டை நாய் பருவத்துக்கு வரும்வரை காத்திருந்து, இந்த வாரம் வாடகை வண்டி பிடித்து அதை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குடுவையைத் திறந்தால் ஒரு குழாய்தான் இருந்தது. உதவியாளர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சென்ற மாதம் பால்காரரின் பசுவுக்குப் போட்டது அதுவாகத்தான் இருக்கும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குடுவையைத் திறந்தாலே அதன் வாயில் புகை மண்டுகிறது. குழாயை வெளியே பிடித்து ஆற அமரப் பார்த்தால் கெட்டுவிடுமாம். கையில் சிக்கியதைச் சட்டென்று எடுக்க வேண்டும். பால்காரரோ, மாட்டுக்குப் பருவம் தப்பிவிடும் என்று தலைமேல் நின்றிருக்கிறார். ஆனால் அந்தக் குடுவையில் ஒரு நாயும் இருக்கிறது என்பதைப் புதிதாக வந்தவருக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் புகார் அதுதான்.

4. பசுவுக்குச் சினை நிற்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. விஷயம் தெரிந்து, பால்காரர் என் கடைக்கு வந்து சண்டை போட்டார். பிறக்கிற கன்று குரைக்குமா என்று அச்சகத்தார் அவரைச் சீண்டினார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகு அழுகை வந்தது.

5. நாய்க்குச் செலுத்தித் தனக்குப் பழக்கமில்லை, மாட்டுக் குடுவையில் நாயின் பொருளை வைக்கவும் விதியில்லை, வாரக் கடைசியில் சுத்தம் செய்யும்போது மிச்சமிருப்பதையும் எறிந்துவிடுவோம் என்கிறார் இப்போதைய மருத்துவர். “சாதாரண நாய்தானேம்மா, ரோட்டுல எத்தனையோ கிடக்கு, ஒண்ணப் புடிச்சு வளத்துக்குங்க” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஐயா, ரோட்டில் கிடப்பவற்றை எனக்குத் தெரியும். பெட்டையை என் கடையில் கட்டியிருப்பதால் அவை அத்தனையும் இப்போது என் வாசலில்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னைப் பார்ப்பதில்லை.

6. குட்டிக்கு அப்பனின் குணம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என டாக்டரம்மா அன்றே சொன்னார். தெரிந்தேதான் கேட்கிறேன். குணம் வராவிட்டாலும் அதே மாதிரி இடது காது மடிந்திருந்தால் போதும். திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகமாக ஒன்று வீட்டில் இருக்கும். என் மகன் வெளியூரில் இருக்கிறான். காது இவ்வளவு மோசம் என்று அவனுக்குத் தெரியாது. வாரம் தவறாமல் தொலைபேசியில் அழைப்பதாகப் போன முறை வந்தபோது சொன்னான். அழைத்துக்கொண்டுதான் இருப்பான்.

எனவே, மிச்சமிருக்கும் குழாயை எறியாமல், நைட்ரஜன் குறையாமல் வைத்திருக்க உடனே உத்தரவிடுமாறும், உறைந்த விந்தைக் கருப்பைக்குள் செலுத்தத் தெரிந்த அந்த டாக்டரம்மாவை ஒரே ஒரு நாள் இங்கே அனுப்பி வைக்குமாறும் தங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டைக்கு இன்னும் சில நாள்தான் பருவம் இருக்கும். தவறினால் அரை வருடம் காத்திருக்க வேண்டும். இஸ்திரிக்காரர் அதுவரை மனம் மாறாமல் இருக்க வேண்டும்.

தங்கள் முடிவைத் தயவுசெய்து தொலைபேசியில் தெரிவிக்க வேண்டாம். அடிப்பதை எனக்குச் சொல்ல இப்போது ஆள் இல்லை. யாரையாவது நேரில் அனுப்பினால், கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிவிட வேண்டாம் எனச் சொல்லி அனுப்புங்கள். பகலில் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. நேரே உள்ளே வந்து, தையல் இயந்திரத்துக்கு எதிரில், நான் நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்கச் சொல்லுங்கள்.

இடம்: மேற்கண்ட கடை
நாள்: ஒன்பதாம் தேதி, வியாழன்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்கடை அம்மா