பூனையை மாப்பிள்ளையாக்கிய கம்ப்யூட்டர்

செவ்வாய், இரவு

சகலருக்கும் முக்கிய அறிவித்தல்! திகனயில் மாமாவின் கல்யாண மண்டப அலுவலகத்தில் ஒரு நாளும் லீவு எடுக்காமல் உழைத்த பழைய கம்ப்யூட்டர் நேற்று இளைப்பாறியது. பதிவுகளெல்லாம் கிளவுட்டில் குடியேறிவிட்டன. மழை பெய்தாலும் நனையாதாம்.

இன்று கண்டியில் நின்ற மாமா, ஃபோனிலேயே வெள்ளிக்கிழமை நிக்காஹ் பதிவைத் திறந்து பெண்ணின் வாப்பாவுக்குக் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுப் பூனை: ஜனாப் பஞ்சு!

அலுவலகத்தில் வேலை செய்யும் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு உடனே மாமாவின் கோல் வந்தது.

"என்ன புள்ள இது? ஒன்ட பேர்லதான் மாத்தினதாக் காட்டுது!"

"அல்லாஹ்வே, நான் தொடவே இல்ல மாமா," என்று அழுதாள்.

பக்கத்தில் நின்ற நான் பாய்ந்து போய், அவளது புதுக் கம்ப்யூட்டரில் ஒரே அழுத்தில் சரியான பெயரைத் திரும்ப எடுத்தேன். எத்தனை மணிக்கு மாற்றியது, முன்பு என்ன இருந்தது, எல்லாமே அதில் இருக்கிறது. என்னவொரு மூளை! பழையதற்கு இந்த ஞாபகசக்தி கிடையாது.

"தம்பி கெட்டிக்காரன் மாமா," என்றாள் ராத்தா.

"அவன் கெட்டிக்காரன்தான். நீ நாளையிலிருந்து வேலைக்கு வராத."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் அப்படியே சுருங்கிப்போனேன். மதியம் அவள் லுஹர் தொழப் போன நேரம், அவளது கதிரையில் உட்கார்ந்து, அவள் பெயரில் திறந்திருந்த பதிவில் பஞ்சுவுக்குக் கல்யாணம் பேசியவன் நான்தான். நாளை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரும் மாமாவிடம் சொல்லியாக வேண்டும்.