பொழுது விழுந்த பிறகு வந்த நிறம்

மட்டாஞ்சேரி,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகள் தன்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி எங்கள் இருவரையும்விடச் சுகமாக இருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் கம்பளி கட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். நீ அனுப்புகிற போட்டோவில் மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, உன் முகம் மட்டும் இருப்பதில்லை, அதனால் நம்பிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறக்கும்போதே நீ பின்னே விளிக்காம் அம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சியின் மகன் லீவு முடிந்து நாளை மறுநாள் நியூசிலாந்துக்குத் திரும்புகிறான், நேந்திரங்காய்ச் சிப்ஸும் சாம்பார் பொடியும் அவன் பெட்டியில் வருகின்றன, அதோடு இதுவும் வருகிறது. மலையாளத்தில் எழுதினால் நீ ஒரே மூச்சில் படித்துவிடுவாய் என்று தெரியும், ஆனால் மனசில் இருப்பது எனக்குத் தமிழில்தான் வரும், எழுத்துக் கூட்டி மெதுவாகவே படி.

இங்கே துலா மழை, அதுதான் ஐப்பசி மழை, பிடித்துக்கொண்டது. காலையில் கொளுத்துகிறது, சாயங்காலம் ஆனால் இடி. கடையில் மிளகு காயமாட்டேன் என்கிறது என்று அப்பா வானத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். உன் அண்ணன் சுதர்ஷன் களமசேரியில் பெரிய வீடாகப் பார்த்து மாறிவிட்டான், பால் காய்ச்சப் போனோம், வீடு நன்றாக இருக்கிறது, அடுப்படிதான் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிறது. அவன் பெண்டாட்டியிடம் அதைச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பார்மசி வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷம் அந்த ஊர்க் கடற்கரைகளையும் மலை ஏரிகளையும் சுற்றிப் போட்டோ எடுக்கப் போகிறேன், காலண்டர் அடிக்கிற ஒரு கம்பெனி படங்களை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறது, நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்று நீ கேட்டாய். அப்பா, வெளிச்சத்தை நம்பி எவளாவது கையிலெ இருக்குற வேலையெ விடுவாளா என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நீ அப்பா கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அவரும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே, யாராச்சும் விளிச்சாங்களா என்று கேட்கிறார். யாராச்சும் என்றால் நீதான். அப்பாவும் மகளும் இப்படி என்னை நடுவில் வைத்துக்கொண்டு வாழ்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எனக்கும் நீ சொன்னது உடனே மனசுக்கு ஒப்பவில்லை. வேலை போவதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை, நீ படித்த பெண், இன்னொன்று தேடிக்கொள்வாய். ஆள் அரவமில்லாத ஏரிக்கரையில், பொழுது சாய்கிற நேரத்தில், நீ ஒருத்தியாக நிற்கிறாய் என்பதுதான் என் பயம். நாங்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்று பார்ப்போம், நீயோ அந்த நேரத்தில் வெளியே நிற்பதையே வேலையாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாய். இதை யோசித்துக்கொண்டு அரிசி களைந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கடலில் சூரியன் இறங்கிப் பார்த்ததில்லை. கோட்டைக் கொச்சிக் கடற்கரை ஆட்டோவில் ஏறினால் வந்துவிடும், ஆனால் அந்த நேரத்தில் நான் விளக்கடியில் இருப்பேன், அப்பா கடையில் இருப்பார். நீ அனுப்பின அந்நிய ஊர்ச் சூரியனைத்தான் பார்த்திருக்கிறேன், நம் ஊர்ச் சூரியனை அல்ல.

அப்பாவிடம், ஒரு நாள் கடையைச் சீக்கிரம் சாத்துங்கள், அவள் எதற்காக வேலையை விடுகிறாள் என்று போய்ப் பார்த்துவிட்டாவது திட்டலாம் என்றேன். நாலு நாள் முனகிவிட்டு வந்தார். அன்றைக்கு வெயில் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நான் விளக்கேற்றிவிட்டேன். எதிர்வீட்டு அம்மிணி எட்டிப் பார்த்து, எந்தா செல்வலட்சுமி, இன்னிக்குக் கிரகணமா என்று கேட்டாள். ஆமாம், உன் கண்ணுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

கடற்கரையில் நல்ல கூட்டம். முக்கால்வாசிப் பேர் கடலுக்கு முதுகைக் காட்டித் தங்களையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீன் பிடிக்கிற சீன வலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லில் அப்பா கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார், எனக்கு விரிக்கவில்லை. சூரியன் இறங்கி இறங்கித் தண்ணீரைத் தொட்டது. அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை, கால் தானாகக் கிளம்பிவிட்டது. நான் சேலையைத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறேன், அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருகிறார், ஏற்கெனவே ஏற்றி வைத்த விளக்குக்காக இப்படி ஓடின ஜனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். ஆட்டோவில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, இது என்ன இப்படிச் சிவந்திருக்கு என்றார். திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் பாதி வானம் எரிந்துகொண்டிருக்கிறது. வண்டியைத் திருப்பச் சொல்லி இறங்கி ஓடினோம், அதற்குள் எல்லாம் சாம்பல். சூரியன் போன பிறகுதான் வேலையே தொடங்கும் அம்மா என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், நேரம் கழித்துச் சாப்பிடுவதற்கு நீ சொல்லுகிற சாக்கு என்று நான் நினைத்திருந்தேன். அப்பா எடை குறைத்து வாங்கி ஏமாந்தவர் மாதிரி வீடு வரை வானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவரே கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். மழை. அதற்கு மறுநாள் மேகம் மூடிக்கொண்டது, ஒரு நிறமும் இல்லை, போய் நனைந்துவிட்டு வந்ததுதான் மிச்சம். அவளுக்கும் இப்படித்தானே இருக்கும், அத்தனை தூரம் ஏரிக்குப் போய் ஒண்ணும் கிடைக்காமத் திரும்புவா, இல்லையா என்று அவர் கேட்டார். போனை என் கையில் திணித்த நாளுக்குப் பிறகு உன் வேலையைப் பற்றி அவர் வாயில் வந்த முதல் பேச்சு அது. நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன், அதிகம் சொன்னால் வீம்பு வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. சூரியன் இறங்கின பிறகும் நான் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்துவிடுவேனோ என்று எனக்கே பயம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மேகத்தின் அடிப்பக்கம் மெல்லச் சிவந்தது, அது மேலே மேலே ஏறி எதிர்க்கரை வைப்பின் தீவு வரை போனது, தண்ணீர் புளி போட்டுத் தேய்த்த பித்தளையாக ஆகிவிட்டது, வலைக் கம்பெல்லாம் கறுத்துப்போயிற்று. வானத்தில் நிறம் போன பிறகும் தண்ணீரில் இருந்தது தன்யா, அதை நீ சொன்னதே இல்லை. நான் போனில் எடுத்த படங்களில் எல்லாம் அப்பாவின் தலைதான் இருக்கிறது, அனுப்பமாட்டேன்.

உனக்குத் தெரியும், அப்பா சாயங்காலத்தில் மிளகு வாங்கமாட்டார். காலை வெளிச்சத்தில் வாசல்படிக்குக் கொண்டுவந்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத்தான் விலை சொல்லுவார், சாயங்கால வெளிச்சத்தில் சொத்தை மிளகும் அழகாகத் தெரியும், ஏமாத்துற வெளிச்சம் என்பார். அன்று அவர் வெறும் உள்ளங்கையை அந்த வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். பிறகு, ஏமாத்துற வெளிச்சத்துக்குப் பின்னாலெ போறாளேன்னு நினைச்சேன் செல்வலட்சுமி, இது ஏமாத்தலெ, மாறிக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான், நின்னு பாக்குறவங்களுக்குத்தான் தெரியுது என்றார். அதற்கப்புறம், ஒரு வருஷம் நின்னு பாக்கட்டும் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருட்டாக இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். நன்றாகப் போய் எடு. ஆனால் தனியாகப் போகாதே, உன்னோடு தங்கியிருக்கிற அந்த ஸாதனாவையோ வேறு யாரையோ கூட்டிக்கொள், எந்தக் கரைக்குப் போகிறாய் என்று ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போ. படம் நன்றாக விழ வேண்டும் என்று பின்னால் பார்க்காமல் பின்னால் நகராதே, பாசி பிடித்த கல் அம்மாவின் பேச்சைக் கேட்காது. பிளாஸ்கில் சூடாகச் சாயா எடுத்துப் போ. பார்மசி லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதே, கஷ்டப்பட்டுப் படித்தது.

சம்மதம் என்று நீயே விளிச்சுச் சொல்லிடு என்றார் அப்பா. நான் முடியாது என்றுவிட்டேன். கோபத்தை மட்டும் அவர் வாயால் சொல்லுவார், நல்லதை நான் சொல்ல வேண்டுமா. நீயும் இனி அவர் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்கமாட்டேன், கடைக்குக் கூப்பிடு. முன்பெல்லாம் போனை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவார், இப்போது சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருக்கிறார், கேட்டால் தரகர் கூப்பிடுவார் என்கிறார். எந்தத் தரகரும் கூப்பிடுவதில்லை. என்ன பேசுவது என்று நீ யோசிக்க வேண்டாம், அங்கே நேற்று வானம் எப்படி இருந்தது அப்பா என்று மட்டும் கேள், மற்றதை அவர் பேசுவார்.

நீ நிற்கிற கரையெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும், கண்ணுக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். சிப்ஸ் டப்பாவை இறுக்கி மூடி வை, நமுத்துப்போகும்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா
சங்கரலிங்கம் செல்வலட்சுமி