கடைசி பெஞ்சில் கனகவல்லி

1988 ஜூலை 5, செவ்வாய்

காலையிலிருந்து கிணற்று மோட்டார் ஓடவில்லை. குருவானவர் வேலையில் பாதி பிளம்பர் வேலை என்று இறையியல் கல்லூரியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. மெக்கானிக்கைத் தேடித் தாம்பரம் கிளம்பும்போது ஞானம்மாள் டீச்சர் வந்தார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் வகுப்பெடுப்பதை நிறுத்தாதவர்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை கனகவல்லிக்குத் திருவிருந்து குடுத்தீங்களே, அவ இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. தெரியுமில்ல?"

தெரியாது. நான் சிட்லபாக்கத்துக்கு மாற்றலாகி வந்தது மே மாதம். யார் எந்த வீடு என்பதே இன்னும் பிடிபடவில்லை.

"நெத்தியில பொட்டு இல்லையே டீச்சர்?"

"சர்ச்சுக்கு வர்றப்ப அழிச்சிட்டு வருவா. நாங்கதான் சொல்லி வச்சோம்."

நன்றாகச் சொல்லி வைத்தார்கள். இங்கே மாதத்தின் முதல் ஞாயிறுதான் திருவிருந்து. ஜூன் மாதம் எல்லோரும் பீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கிப் போன பிறகு, கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் முக்காடோடு உட்கார்ந்திருந்தாள். கூச்சம் போலிருக்கிறது என்று நானே கை காட்டிக் கூப்பிட்டேன். வந்தாள், கையை ஏந்தினாள், அப்பத்தை வைத்தேன். ஜூலையில் கூப்பிடாமலே வந்தாள்.

மோட்டார் இன்னும் சரியாகவில்லை.

ஜூலை 6, புதன்

சரோஜினியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "குடுத்தாச்சு. இனிமே திருப்பியா வாங்க முடியும்?" என்றாள். என் மனைவிக்கு எல்லாமே சுலபம்.

சட்டம் தெளிவு. முதலில் ஞானஸ்நானம், பிறகுதான் திருவிருந்து. முதல் திருவிருந்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பில் நானே சொல்லித் தருகிறேன். சரி, அப்படியானால் அவள் கையில் நான் வைத்தது என்ன? மற்றவர்களுக்குக் கர்த்தருடைய சரீரம், அவளுக்கு மட்டும் வெறும் மாவா? யார் கை என்று பார்த்துவிட்டா அவர் வருகிறார்? இந்தக் கேள்வியைப் பரீட்சையில் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். இன்று ஒரு வரி ஓடவில்லை.

ஜூலை 9, சனி

கனகவல்லி வீட்டுக்குப் போனேன். ஏரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஓட்டு வீடு. அவள் கணவர் வேதாசலம் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"மூணு வர்சமா உங்க சர்ச்சுக்கு வந்துகினு கீறா சார். நான் ஒண்ணும் சொல்றதில்ல. அங்க வந்தாதான் அவளுக்கு மனசு அடங்குது. ஆனா ஆளை மாத்திடாதீங்க. பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம்."

நல்ல மனிதர். யாரோ கூப்பிட வெளியே போனார். கனகவல்லி காபி கொண்டு வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வேறு யாரோ என்று ஒரு நிமிஷம் விழித்தேன்.

ஞானஸ்நானம் எடுக்க விருப்பமா என்று கேட்டேன்.

"ஆசைதான் ஐயா. பொண்ணு கல்யாணம் முடியட்டும். இப்ப எடுத்தா வர்ற வரனும் போயிடும்."

அதுவரைக்கும் திருவிருந்து வாங்கக் கூடாது என்று சொன்னேன். வழியெல்லாம் பதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது வாயில் வரவேயில்லை. சட்டென்று சொல்லிவிட்டேன்.

"நீங்கதானே ஐயா கை காட்டிக் கூப்டீங்க?"

"தெரியாம கூப்பிட்டுட்டேன்மா."

"ஓ" என்றாள். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் ஏசுதான் கூப்புடறாருன்னு நெனச்சுகினேன்" என்றாள். அப்புறம், "சரிங்க ஐயா."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

பிரசங்கம் சுமார். விசுவாசத்தைப் பற்றி.

ஜூலை 21, வியாழன்

பட்டணத்தில் குருமார் கூட்டம். சாப்பாட்டு வேளையில், பெயர் சொல்லாமல், பக்கத்தில் இருந்த இருவரிடம் கேட்டேன். ஒருவர், "கொடுக்கவே கூடாது, ஒழுங்கு போயிடும்" என்றார். இன்னொருவர், "பசிச்சு வந்தவங்களுக்குக் கொடுங்க, சபை கேட்டா அப்புறம் பார்க்கலாம்" என்றார். இருவரிடமும் "அதுவும் சரிதான்" என்றேன். தாம்பரம் வண்டியில் நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. மனந்திரும்புகிற எல்லோரும் வரலாம் என்று அழைக்கிற இடத்தில் நாக்கு தடுக்கியது. எல்லோரும் வந்தார்கள். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை— பொய். பார்த்தேன்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

கனகவல்லி வரவில்லை. போன வாரமும் வரவில்லை.

செப்டம்பர் 2, வெள்ளி

மோட்டாருக்குப் பழைய பாகம் கிடைக்குமா என்று பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வெங்காயக் கடை முன்னால் அவள். ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறேன் ஐயா. நான் வந்து குந்திகினு இருந்தா உங்களுக்குத்தான் பேஜாரு. அன்னிக்கு உங்க மூஞ்சே சரியில்ல. எனக்கு இன்னா, வூட்லயே கும்புட்டுக்கறேன்."

எனக்காக! என் முகம் வாடக் கூடாது என்று ஆலயத்துக்கு வராமல் இருக்கிறாள். நான் என்ன சொன்னேன்? "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒன்றுமில்லாததற்குச் சரோஜினி மேல் எரிந்து விழுந்தேன்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஞானம்மாள் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். சீறிவிட்டார்.

"நான் கேள்விதானே கேட்டேன்? அவளைத் துரத்தச் சொன்னேனா?"

"துரத்தல டீச்சர். வரலாம், வாங்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"பந்தியில உக்காரு, சாப்பிடாதேன்னா யார் வந்து உக்காருவா?"

"அப்ப குடுக்கலாம்ங்கறீங்களா?"

"அது எப்படி? ஞானஸ்நானம் எடுக்காம?" வாசல் வரை போனவர் திரும்பினார். "எனக்கென்ன தெரியும்? நீங்கதானே ஐயா படிச்சிருக்கீங்க!"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். படித்தேன். ஐந்து வருஷம் படித்தேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

கனகவல்லி வந்தாள். டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அதே கடைசி பெஞ்சு.

செப்டம்பர் 30, வெள்ளி

நாளை மறுநாள் திருவிருந்து. கொடுத்தால் தப்பு. கொடுக்காவிட்டால்— அதுவும் தப்பு. ஆண்டவரே, இரண்டில் எந்தத் தப்பு உமக்குப் பரவாயில்லை? இத்தனை வருஷத்தில் இவ்வளவு குழம்பியதில்லை.

அக்டோபர் 2, ஞாயிறு

நான் அவளைக் கூப்பிடவில்லை. அந்தத் தைரியம் வரவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.

பெண்கள் வரிசையில் டீச்சர் கடைசியாக வந்தார். உள்ளங்கையில் அப்பத்தை வைத்தேன். உடனே வாயில் போடுவதுதான் வழக்கம். அவர் போடவில்லை, கையை மூடிக்கொண்டார். பாத்திரத்தில் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தார். அவர் இடம் இரண்டாவது பெஞ்சு. அதைத் தாண்டி நடந்தார். கோயில் நெடுக நடந்து, கடைசி பெஞ்சில் கனகவல்லி பக்கத்தில் உட்கார்ந்தார். கையைத் திறந்தார். அந்த மெல்லிய வட்டத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவள் கையில் வைத்தார். இரண்டு பேரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள்.

நான் தடுத்திருக்க வேண்டும். பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடினேன். சரியாக மூடவில்லை என்று எடுத்து மறுபடியும் மூடினேன். ஆனால் எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு மனசுக்குள் ஒரு இதம் இருந்தது. அது பாவமா என்று கேட்டால், தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு டீச்சர் வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழைய அதட்டல்.

"யாராவது கேட்டா நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க. நீங்க பாக்கலன்னே இருக்கட்டும்."

"பார்த்தேன் டீச்சர்" என்றேன். "அடுத்த மாசம் கனகவல்லிக்கு நானே குடுக்கறேன், நீங்க முழுசா சாப்பிடுங்க."