உன் பால்வெட்டுச் சட்டை

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் கட்டைவிரல் வலிக்கிறது. நீ இருந்தவரைக்கும் நான் கைநாட்டுக்காரன். நீ போய் நாலு வருடம் கழித்து, நம் மகள் சிலேட்டு வாங்கிவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். என் கையாலேயே உனக்கு எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

இன்று காலை லயத்து வீடுகளின் சாக்கடையில் பினாயில் ஊற்றினார்கள். அந்த வாடை வந்ததும், நீ ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாள் கண்முன் நின்றது. அந்த நாளைப் பற்றி உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

கூலாய்க்கு உள்ளே அந்த ரப்பர் தோட்டத்தில் நாம் இருந்த காலம். மகளுக்கு எட்டு மாதம். உனக்குக் குளிர்காய்ச்சல் முற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது, "தூளிச் சேலைய மட்டும் தொவைச்சிறாதீங்க" என்றாய். பால் எடுக்க மரம் வெட்டப் போகும் பெண்கள் எல்லாரும் ஆயாக் கொட்டகையில் தாங்கள் உடுத்திய சேலையைத் துவைக்காமல்தான் தூளி கட்டுவார்கள். தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை அந்த வாசத்தில் தூங்கும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும், காய்ச்சல்காரி உடுத்திய சேலை, பிள்ளைக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, சவுக்காரம் போட்டு அவித்து வெயிலில் காயப்போட்டேன். வெள்ளையாக வந்தது என்று பெருமை வேறு.

அன்றிலிருந்து பிள்ளை தூங்கவில்லை. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் துப்பியது. நான் தூக்கினால் முதுகை வளைத்துக் கத்தியது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்பவன் நான். எத்தனை குளித்தாலும் அந்த நாற்றம் போகாது. இரண்டாம் நாள் பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. கொட்டகை ஆயா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சேலைய அவிச்சியா? அவிச்ச சேலையில ஆத்தாள எங்கிட்டுப் போயித் தேடும் புள்ள?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான் ஆயா."

"நல்லா சுத்தம் பண்ணுன போ. அவ போட்டுக் கழட்டுன துணி வேற ஏதாச்சும் கெடக்கான்னு பாரு. அதையும் அடுப்புல ஏத்திறாத."

கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் பால்வெட்டுச் சட்டை தொங்கியது. வேர்வையும் காய்ந்த ரப்பர் பாலும் சேர்ந்து புளித்த வாடை. அதை நானே மாட்டிக்கொண்டேன். இரண்டு தோளிலும் தையல் விட்டது. பிள்ளை என் மார்பில் மூக்கை வைத்துத் தேடியது. முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்தது. பிறகு ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

பதினைந்து நாள் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சட்டைதான். "அண்ணே, சேலையும் கட்டிக்கிட்டீங்கன்னா காலையில பேரு கூப்புடுறப்ப பொம்பளைங்க வரிசையில நின்னுக்கலாம்லா" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

நீ வந்தாய். தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். உன்மேல் பினாயில் வாடை. வாசலில் நின்றபடியே கையை நீட்டினாய். பிள்ளை வீறிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"எம்புள்ளைக்கு நான் யாரோ ஆயிட்டேனா?" என்றாய்.

சொல்லாமல் விட்டது இதுதான். நான் அப்போது பிள்ளையை உன் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். புகை நாற்றக்காரனிடம் ஒரு உயிர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் முகம் போன போக்கைப் பார்த்தும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சட்டையக் கழட்டுங்க" என்றாய். வாங்கிப் போட்டுக்கொண்டு சட்டைக் கையை முகர்ந்தாய். "எஞ்சட்டையில பாதி உங்க வாடை அடிக்குது." பிள்ளையைக் கூப்பிடவில்லை. சுவரோரம் சும்மா உட்கார்ந்தாய். உலையில் அரிசி போட்டு வேகிற நேரம் ஆயிற்று. பிள்ளை தவழ்ந்து வந்து உன் சட்டைக் கையை முகர்ந்தது, என்னிடம் வந்தது, திரும்பவும் உன்னிடம் போனது. மூன்றாம் தடவை மடியில் ஏறியது. அதற்குப் பிறகுதான் நீ அழுதாய்.

நான் இறுக்கிப் பிடித்ததை நீ பார்த்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். மறுநாளிலிருந்து, வெளிக்காட்டு வேலைக்குப் போகுமுன் பிள்ளையை என்னிடம் நீட்டி, "கொஞ்ச நேரம் ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்பாய். அவள் நடக்கிறவரைக்கும் ஒருநாள் தவறியதில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அந்த மகளுக்கு இப்போது மூன்று மாதப் பையன். நாளை அவள் திரும்பவும் மரம் வெட்டப் போகிறாள். சற்று முன் வந்து என் தோளிலிருந்த துண்டை உருவினாள்.

"இரும்மா, அலசித் தரேன். புகை நாத்தம் அடிக்கும்."

"அலச வேணாம்பா. என் சேலையோட இதையும் தூளியில போடப்போறேன். உங்க மடியிலதான அவன் தூங்கிப் பழகிட்டான்."

கொண்டுபோய்விட்டாள். நான் வேறு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நன்றாக வேர்க்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மாற்றுத் துண்டு கேட்டு வருவாள். பையன் தூங்கினானா என்று அவளிடம் கேட்டு உனக்கு எழுதுகிறேன்.