ஒன்றைத் தாண்டிய உச்சி

மார்ச் 4, செவ்வாய்
கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார். பதினோரு வருடத் தற்காலிக வேலையை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், அடுத்த புதன்கிழமை. தலைப்பும் தேர்வுக் குழுவே கொடுத்துவிட்டது: இரண்டு மாறிகளின் நிகழ்தகவுச் சார்பைக் கணினியில் வரைந்து விளக்குதல். கரும்பலகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கணினியில் நான் இதுவரை வரைந்தது மதிப்பெண் பட்டியலுக்குக் கட்டம் மட்டும்தான்.

மார்ச் 5
மென்பொருளை ஏற்றியாயிற்று. உதாரணமாகக் காலையில் நான் மாறி ஏறும் இரண்டு பேருந்துகளை எடுத்துக்கொண்டேன். இரண்டும் நேரம் தவறுவதில் திட்டவிலக்கம் 0.3 மணி, அதாவது பதினெட்டு நிமிடம். வீட்டில் அவர் எட்டிப் பார்த்தார். அதில் ஒரு பேருந்தை ஓட்டுகிறவரே என் கணவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பதினெட்டு நிமிஷம் முன்னபின்ன ஆகும்னு எழுதி, அதுக்குப் படம் வேற போட்டுக் காட்டப் போறியா?"

சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

மார்ச் 7
திரையில் மலை வரவில்லை. நடுவில் குவிந்து சுற்றிலும் சரிய வேண்டிய இடத்தில் தட்டையாக ஒரு பலகை. பிழை என்று சொன்னாலாவது திட்டலாம். அதுவும் சொல்லவில்லை. "இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே" என்றார் அவர். சமாதானமாகிவிட்டாராம்.

மார்ச் 8, சனி
மென்பொருள் கையேட்டை அவரை வாசிக்கச் சொல்லி, நான் திரையில் வரிவரியாகச் சரிபார்த்தேன். வழித்தடப் பலகையை வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தவர், ஏழாவது வரியில் நின்றார்.

"இங்க வர்க்கக் குறிக்கு முன்னாடி ஒரு புள்ளி இருக்கு. உன்கிட்ட இல்ல."

புள்ளி வைத்தேன். எழுந்தது மலை! ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே வர்க்கமாக்கு என்று சொல்வது அந்தப் புள்ளிதானாம். புள்ளியியல் ஆசிரியைக்கு ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் பேருந்து ஓட்டுநர் வேண்டியிருக்கிறது. நாளைக்குள் அவருடைய டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும்.

மார்ச் 10
உச்சியின் உயரம் 1.77. பக்கத்து நாற்காலி இயற்பியல் ஆசிரியை பார்த்துவிட்டு, எண்களை மறைத்துவிடு, நிகழ்தகவு ஒன்றைத் தாண்டுமா என்று எவனாவது கிளம்புவான் என்றாள். இது நிகழ்தகவு இல்லை, அடர்த்தி, தாண்டலாம். ஆனால் அதை அங்கே நின்றுகொண்டு யாருக்கு விளக்குவது? மறைத்தேன். மறுபடி காட்டினேன். மறுபடி மறைத்தேன்.

மார்ச் 12, புதன்
மறைக்கவில்லை.

கிளம்பியது எவனோ இல்லை, குழுத் தலைவரேதான். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர். "நிகழ்தகவு ஒண்ணுக்கு மேல போகுமாம்மா? அடிப்படையே ஆட்டம் காணுதே" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். முதல்வர் கூரையைப் பார்த்தார்.

ஆமாம் சார், தவறுதான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் எங்கே கேட்கிறது? மணியை நிமிடமாக்கி அங்கேயே மறுபடி வரைந்தேன். அதே மலை. உச்சி மட்டும் 0.0005.

"அளவை மாத்தினா உயரம் மாறும், சார். மலைக்கு அடியில அடங்குற கன அளவுதான் எப்பவும் ஒண்ணு. அதுதான் நிகழ்தகவு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, நீங்கள் போகலாம் என்றார்.

பதினோரு வருடம் பொறுத்தவளுக்குப் பத்து நிமிடம் பொறுக்கவில்லை.

மார்ச் 13
வராந்தாவில் முதல்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இல்லை, வேறு யாரையோ பார்த்தாரோ?

மார்ச் 20, வியாழன்
தொலைபேசி. அந்தத் தலைவர். என் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பிவிட்டாராம். நன்றி சொன்னேன்; அவர் போனை வைக்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா, உயரம் ஒண்ணுக்கு மேல போட்ட பசங்களுக்கெல்லாம் மார்க் குறைச்சிருக்கேன்மா."

"இனிமே குறைக்க மாட்டீங்கல்ல சார்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, சிரித்தார்.

ஏப்ரல் 2, புதன்
நிரந்தரமான பிறகு முதல் வகுப்பு. என் கணவர் இஸ்திரி போட்டுக் கொடுத்த புடவை. பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பினால், முதல் வரிசைப் பெண் எழுந்து நிற்கிறாள்.

"மேடம், மூணாவது வரி தப்பு."

சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். தப்புதான்.

அழித்தேன். சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.